அண்ணன் சுவரில் ஒரு ஓட்டை

டிரில் திடீரென்று லேசாகிவிட்டது.

அதுவரை செங்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கம்பி சரேலென்று உள்ளே போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் காரை பெயர்ந்து எதன் மேலோ பொத்தென்று விழுந்தது.

ஏணியில் நின்ற சின்னவர் சட்டென்று டிரில்லை நிறுத்தினார்.

அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் வீடு.

கீழே, மரச்சட்டத்தின் ஒரு முனையைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்திருந்த மனைவி என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவர் ஒன்றுமில்லை என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்பது அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

முற்றத்தில் வெயிலில் காயும் காருக்கு ஒரு கூரை போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மரச்சட்டங்கள், இரண்டு கால்கள், மேலே வேயக் கண்ணாடி மாதிரித் தெளிவான ஆறு பிளாஸ்டிக் ஷீட்டுகள், எப்படிப் பூட்டுவது என்று ஒரு படம். எல்லாம் ஒரே பெட்டியில் வந்திருந்தன. கூரையை ஒரு பக்கம் கால்கள் தாங்கும். மறுபக்கம் சுவர் தாங்க வேண்டும்.

சுவர் அண்ணனுடையது.

பாகம் பிரித்தபோது முற்றம் தம்பிக்கு வந்தது, அதை ஒட்டிய அறைகள் அண்ணனுக்குப் போயின. செத்தாலும் இனி அந்த ஆளை அண்ணா என்று கூப்பிட மாட்டேன் என்று அன்றைக்குப் பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டு வந்தார் சின்னவர். ஆறு வருஷமாக அந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று மனைவி நாலு நாளாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று காலை அண்ணன் வீட்டு ஸ்கூட்டர் கிளம்பிப் போன சத்தம் கேட்டதும் ஏணியைத் தூக்கிவிட்டார். ஓட்டிக்கொண்டு போனது யார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

சுவர் ஒன்பது அங்குலக் கனம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி படத்தில் போட்டிருந்தது. இருக்கிறது, இந்த ஓர் இடத்தைத் தவிர. இங்கே முன்பு ஜன்னல் இருந்தது. என் முற்றத்தைப் பார்க்க அவருக்கு எதற்கு ஜன்னல், அடையுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றது சின்னவர்தான். கொத்தனார் செங்கல்லை நிமிர்த்தி வைத்து மூன்று அங்குலத்துக்கு அடைத்து, பூசிவிட்டுப் போனார். மேலே வெள்ளையடித்த பிறகு ஜன்னல் இருந்த இடம் அடைக்கச் சொன்னவருக்கே மறந்துபோயிற்று.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்.

இப்போது கத்துவார். தெரு கூடும். மறுபடி பத்துப் பேர் வந்து உட்காருவார்கள். இந்த முறை தப்பு யார் பேரில் என்று யாரும் யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

சின்னவருக்குத் தொழில் மருந்துக் கடை. மாத்திரை அட்டையைக் கத்தரித்துப் பழகிய கை அது. டிரில் அதற்குப் புதிது. டிரில்லை உருவினார். ஓட்டைக்குள் அண்ணன் அறையின் வெளிச்சம் தெரிந்தது. திருடன் தடயத்தை மறைக்கிற அவசரத்தில் போல்ட்டைச் செருகி, ஸ்பானரை மாட்டித் திருகினார்.

சுற்றியது. பிடிமானம் இல்லாத போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. இவரும் விடாமல் திருகிக்கொண்டே இருந்தார். கை வலிக்கிறது என்றாள் மனைவி.

பிறகு போல்ட் நின்றது.

இன்னொரு திருகு போட்டார். இறுகியது. திருகத் திருகச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுமுனையில் ஒரு நட்டு ஏறியிருந்தது. அது சுற்றாமல் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன்.

திட்டியிருந்தால்கூடச் சின்னவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நடு ஓட்டை முடிந்தது. இனி இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இறங்கி, ஏணியை இடது பக்கம் நகர்த்தி ஏறி, பென்சில் குறியில் டிரில்லை வைத்தார். வேர்வையில் கைப்பிடி வழுக்கியது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அடுத்த ஓட்டை இடது பக்கம் வேணாம்னு சொல்லும்மா. அங்க கரண்ட் ஒயர் இறங்குது."

அது தம்பி மனைவிக்குச் சொன்னது. தம்பியோடுதான் பேச்சு இல்லையே.

சின்னவர் சட்டென்று டிரில்லைச் சுவரிலிருந்து எடுத்தார். இறங்கி ஏணியை வலது பக்கம் கொண்டுபோய் வைத்து, ஏறி, குறியில் கம்பியை ஊன்றினார். பொத்தானில் விரல் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், இவரைப் பார்த்தபடி. அவருக்கு எது இடதோ அது இவருக்கு வலது.

கேள் என்று மனைவிக்குச் சைகை காட்டினார். அவளுக்குப் புரிந்தது. புரிந்துதான் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலு நாளாகச் சொல்லி ஓய்ந்த வாய் அது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் நகர்ந்த சத்தம் இல்லை.

சின்னவர் டிரில்லை இறக்கிவிட்டுச் சுவரோரம் முகத்தைக் கொண்டுபோனார்.

"அண்ணா... உங்க இடதா, என் இடதா?"