நாற்பத்தொன்றாவது குப்பி

முதல் சொட்டே இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது. மூன்றாவது முறை.

“என்னம்மா, இதுலயும் ஒண்ணுமில்லையா?”

ஆய்வக உதவியாளப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் தராசு மேடம். ஆய்வகத் தலைவிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது.

ரத்தத்தில் வைட்டமின் சி இருந்தால், அதன் தெளிநீரில் விடும் நீலச் சாயம் நிறமிழந்துவிடும். இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும்; சூடோ வெளிச்சமோ பட்டுக் கெட்டாலும் அப்படியே. ஈறு கசிந்து, தோல் கன்றி வந்த நாற்பது நோயாளிகளின் குப்பிகளைத் தொடும் முன், ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தைச் சோதித்தாக வேண்டும். அதுவே தவறினால் நாற்பதும் குப்பைக்கு.

“ஐஸ்லதான வச்ச?”

“ஆமா மேடம்.”

“வெளிச்சம் பட்டுச்சா?”

“ஃபாயில் சுத்தினேன்... சுத்தினேன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறியா? பல்லு போன கிழவி மாதிரி மூணு வேளையும் பன்னை டீயில ஊறவச்சுத் தின்னா, ஞாபகம் எங்கேருந்து வரும்? இன்னொரு தடவை தப்பாச்சுன்னா, திங்கக்கிழமை உன் இடத்துல வேற ஆளு.”

இந்த வேலை போனால் அவளுக்கு மாலை வகுப்பும் போகும், தங்கியிருக்கும் அறையும் போகும். நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். முழங்கை மடிப்பில் போன வாரம் ஊசி குத்திய இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

மேடம் தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து நீட்டினார். “இதைச் செய். என் கண்ணு முன்னால.”

ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணியபடி செய்தாள். ஐஸ், தெளிநீர் பிரிக்கச் சுழற்சி, அமிலம், ஃபாயில். கடைசியில் சாயம்.

முதல் சொட்டின் நீலம் மறைந்தது. இரண்டாவதும் மறைந்தது.

“வந்துடுச்சு மேடம்! அப்போ என் கை சரிதான்!”

மேடம் சிரிக்கவில்லை. ரத்தம் கொடுத்தவர்களின் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. அவள் முழங்கையை வெகுநேரம் பார்த்தார்.

“மூணு தடவையும் தப்பா வந்த அந்தக் குப்பிக்குப் போன வாரம் ரத்தம் கொடுத்தது நீயா?”

“ஆமா மேடம். நான்தான் ஆரோக்கியமா இருக்கேன்னு...”

மேடம் பேனாவைத் திறந்தார்.

“மேடம், என் பேரை அடிச்சுடாதீங்க!”

“அடிக்கலம்மா. நோயாளிங்க பட்டியல்ல எழுதறேன்.”