மூச்சு வரும் இடம்

இடைவேளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தபோதே தம்பியின் போன் வந்தது.

அப்பாவை உடனே வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடச் சொன்னான். ஏன் என்று கேட்டால் வாய்க்குள்ளேயே எதையோ மென்றான்.

நடைவழியில் நின்றிருந்த அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தில் சத்தம் என்று கேட்பதெல்லாம் இவன் வேலைதான். ஆரம்பத்தில் எழுத்துப் போட்டபோது இவன் பெயர் தனியாக, பெரிதாக வந்தது. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், பிள்ளையின் பெயரைத் திரையில் ஒரு தடவை பார்க்கட்டுமே என்று, துணிக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதியக் காட்சிக்குக் கூட்டி வந்திருந்தாள். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பெருமையாகச் செய்தி அனுப்பினாள்.

பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலைமேலிருந்து பத்திரமாக இறக்கியவர், தலையை விரித்துப் போட்ட பேய்க்கா பயந்துவிடுவார் என்று கேட்டாள்.

தம்பி அழ ஆரம்பித்தான்.

“அக்கா, ஒரு கதவுக்குப் பின்னால மூச்சு வரும். அது அம்மாவோடது.”

அழுகைக்கு நடுவே மீதியையும் சொன்னான்.

அம்மா முடியாமல் கிடந்தபோது, தூக்கத்தில் மூச்சு எப்படி வருகிறதென்று பதிவு செய்து கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். வேறு வீடாக இருந்தால் போனை நீட்டியிருப்பார்கள். இவன் தன் தொழில் மைக்கையே கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அந்தப் பதிவு ஏறிய அதே ஸ்டூடியோ கம்ப்யூட்டரில்தான் படத்துக்காகப் பிடித்துவைத்த மூச்சுகளும் இருந்தன. இவனுடையது, ஸ்டூடியோ டிரைவருடையது, ஆஸ்துமாக்கார மாமாவுடையது, ஒரு கிழட்டு நாயினுடையதுகூட. அம்மா கண்ணை மூடிய பிறகு, இவன் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே சுருண்டு கிடந்தபோது, டைரக்டர் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, இதைவிடப் பயங்கரம் கிடைக்காது என்று அந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். படம் வந்த அன்று தியேட்டரில் கேட்டபோதுதான் இவனுக்கே தெரிந்ததாம். அதற்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது. யாரைப் பிடித்து எதை நிறுத்த?

விளக்குகள் அணைந்தன.

தடவித் தடவி இருக்கைக்கு வந்தாள். தலை வலிக்கிறது, போய்விடலாம் என்றாள். மாத்திரை போட்டுக்கொள் என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். பாத்ரூம் இடதுகைப் பக்கம், படி பார்த்துப் போ என்றார்.

பின்வரிசையில் மூன்று பெண்கள், தங்களை அதிகம் பயமுறுத்தியது எது என்று இன்னும் முடிவுக்கு வராமல் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைப் பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஒருத்தி தன் பொம்மைகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தாரைவார்த்துவிட்டாளாம். இருட்டு வீட்டுக்குள் சாவி தேடும் கேம் ஒன்றை விளையாடியதிலிருந்து, இன்னொருத்தி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போடுவதே இல்லையாம்.

மூன்றாமவள் இரண்டு பேரையும் அடக்கினாள். “அதெல்லாம் ஒண்ணுமே இல்லடி. இப்ப ஒரு மூச்சு வரும் பாரு, செத்துருவீங்க.”

திரையில் ஒரு பெண், கையில் விளக்கோடு மூடிய கதவை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியாதா? அதற்குப் பயந்துதானே ராத்திரியெல்லாம் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அப்பா மட்டும்தான் கட்டிலை விட்டு நகரவேயில்லை.

காது மிஷின்! அது இல்லாவிட்டால் அப்பாவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. வீட்டில் மாட்டச் சொன்னால் எரிந்து விழுகிறவர், இன்று கேட்காமலே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். திட்டினால் திட்டட்டும், பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

அப்பாவின் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது. சின்னச் சக்கரத்தைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மூச்சு வந்தது.

முன்னாலிருந்து வந்தது, பின்னாலிருந்து வந்தது, தலைக்கு மேலிருந்து இறங்கியது. இழுத்து, நடுவில் விசில்போலக் கீச்சிட்டு, விட மனமில்லாமல் விட்டது. தியேட்டரே விறைத்துப்போயிருந்தது. எங்கோ ஒருவன் பயத்தில் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

காதைப் பொத்தினாள். பொத்தியும் கேட்டது. இங்கே திறந்துவிட ஒரு குழாய்கூட இல்லை.

அப்பாவைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தார். நெடுந்தூரம் ஓட்டிவந்த வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தவரின் முகம்.

திடீரென்று மூச்சு நின்றது.

ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதிக்குள் அப்பா மெல்ல முன்னால் குனிந்தார். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“தூங்கிட்டியா?”

“ம்” என்றன நாலு சுவர்களும்.

தியேட்டர் அலறியது. பின்னாலிருந்தவள் இருக்கையை உதைத்தாள்.

அம்மாவின் மூச்சு நின்றுநின்று வந்த ராத்திரிகளில், அப்பா இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருப்பார். படத்துக்கு அவர் குரல் வேண்டியிருக்கவில்லை, பதிவிலிருந்து அதை வெட்டி எடுத்துவிட்டு, அம்மாவின் “ம்” ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வெட்டிய இடத்தில்தான் அந்த அமைதி இருந்தது. அப்பாவின் கேள்வி அதற்குள் கொஞ்சம்கூடப் பிசகாமல் போய் உட்கார்ந்திருந்தது.

திரையில் கதவு திறந்து பேய் வெளியே வந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“வாம்மா, போலாம். இதுக்கப்புறம் அவ வரமாட்டா.”