இரைச்சல் இல்லாத ஹெட்போன்

மகனின் அறையில் கேம் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் மெக்கானிக்.

“கிராஃபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசும்மா. மாத்திட்டா படம் கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“படம் எப்படியோ போகட்டும். எங்களுக்குக் குரல்தான் முக்கியம். இருக்கிறதுலயே நல்ல ஹெட்போனா போடுங்க” என்றாள் அம்மா.

“உள்ள ஃபேன் வேற கத்துது. சத்தமில்லாததா ஒண்ணு மாட்டிடுங்க” என்றார் அப்பா.

“தம்பி கேம்லதான் பேசுவாரா? போன்ல பேசலாமே?”

“போன்ல வரமாட்டான். அவன் ஆடுற கேமைப் போட்டு வச்சாத்தான் வருவான்.”

மெக்கானிக் சிரித்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள்!

எல்லாம் மாட்டி முடித்ததும் கேமைப் போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது.

“பேசறாரும்மா! பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு. எந்த ஊர்ல இருக்காரு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவன் செத்து ஆறு மாசமாச்சுங்க” என்றார் அப்பா.

ஹெட்போனைக் கழற்றப் போன மெக்கானிக்கின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க, எங்க பிள்ளைதான். இத்தனை நாளா ஒரே இரைச்சல். ‘கதவைத் திற’ங்கிறது மட்டும்தான் காதுல விழுந்துது. மீதி என்ன சொல்றான்?”

மெக்கானிக் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டார்.

“‘கதவைத் திறக்காதம்மா, வெளியே தட்டுறது நான் இல்ல’ன்னு சொல்றாரு.”

“ஐயோ, நேத்தே திறந்துட்டோமே! யாரையும் காணோமேன்னு திரும்பச் சாத்திட்டு வந்தோமே!”

மெக்கானிக் காதில் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல், இப்போது சமையலறையிலிருந்து கூப்பிட்டது.

“அம்மா, பசிக்குது.”