சுடாத முகம்

"இந்த வருஷம் என்ன மாத்தணும் அக்கா?" என்று கேட்டபடி டப்பா மூடியைத் திறந்தார் லூயிஸ்.

செல்லாயி பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். தீபாவளி கழிந்ததும் பீடோரிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வருகிறவள், இன்று ஒருவனைக் கூட்டி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று அந்த இளைஞன் வாசலிலேயே நின்றான்.

டப்பாவுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு தலையும் தோளும்.

அது ஜெர்மனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் களிமண். எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் காயாது. அடுப்புச் சூடு பட்டால்தான் இறுகும். இறுகிவிட்டால் அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

கேட்டவர்களுக்கு லூயிஸ் செய்துகொடுத்த முகங்கள் எல்லாம் அவர் மனைவி கெர்ட்ரூட் கேக் சுடும் அடுப்பில்தான் வெந்தன. "ஜெலாப்பாங் ஊர்ல பாதிப் பேரு தலைய இதுலதான் வேக வெச்சிருக்காரு. எவன் லா என் கேக்க வாங்குவான்?" என்பாள்.

இந்த ஒரு முகம் மட்டும் அடுப்பைப் பார்த்ததேயில்லை.

முதலில் அது குண்டுக் கன்னச் சிறுவனாக இருந்தது. படம் எதுவும் இல்லை. செல்லாயி சொல்லச் சொல்லச் செய்தார். முடித்ததும் அதைக் கையில் வாங்கி அழுதாள். சுடலாமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அடுத்த வருஷம் கன்னத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு கழுத்தை நீட்டச் சொன்னாள். பிறகு தாடையை அகலமாக்கச் சொன்னாள். பாவம், ஞாபகம் தடுமாறுகிறது போல என்று எண்ணியபடி லூயிஸும் பல்குச்சியால் திருத்திக்கொண்டே வந்தார்.

போன வருஷம், மீசை அரும்ப வேண்டும் என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பையன் வளர்கிறான்.

யார், எங்கே இருக்கிறான் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. செத்துப்போன பிள்ளையாக இருந்தால்? விழுங்கிக்கொண்டார்.

"என் மவன்," என்று செல்லாயி இப்போது வாசலைக் காட்டினாள். "வேல பெர்மிட் இல்லாதவங்க எல்லாம் நாட்ட விட்டுக் கப்பலேறுனாங்களே, அப்ப இவன அவங்கப்பா தூக்கிட்டுப் போனாரு. நேத்துதான் வந்து சேந்தான்."

லூயிஸுக்குக் கை பரபரத்தது. இத்தனை வருஷமும் காணாமலே செய்த முகம் கண்ணெதிரே நிற்கிறது! ஆசையாகப் பார்த்தார். எதுவுமே ஒத்துவரவில்லை. மூக்கு சப்பை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காது இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"தம்பி, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க லா. மொதல்ல மூக்கச் சரி பண்ணிரலாம்."

அவர் விரல் களிமண்ணைத் தொடுமுன் செல்லாயி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதத் தொடாதீங்கண்ணே. அப்படியே சுட்டுருங்க."

"தம்பி ஜாடையே இல்லையே அக்கா?"

"இவன அவங்கப்பா வளத்தாரு. நான் வளத்தது அது."

லூயிஸ் அடுப்பைப் பற்றவைத்து, அந்தச் சின்னத் தலையை உள்ளே வைத்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இளைஞன் மெதுவாக உள்ளே வந்தான். அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குனிந்து அந்தத் தலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் உங்க பேச்சக் கேட்டு நடப்பானாம்மா?"

செல்லாயி அப்போதுதான் தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.