வெளியே போனதாகப் பதிவு இல்லை

மருதவாணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டுக் கதவுகள் முகம் பார்த்துத் திறக்கும் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கச் சொல்லி மனுவோடு குடியிருப்பு அலுவலகத்துக்கு வந்தாள் மனைவி பூங்கோதை.

“உள்ள இருக்கறவங்க பேரை நீக்க முடியாதும்மா. சார் வெளியே போனதாப் பதிவே இல்ல,” என்றார் ஊழியர்.

“வாசல் வழியாத்தானேப்பா தூக்கிட்டுப் போனாங்க?”

“கண்ணு மூடியிருந்ததால கதவுக்கு அடையாளம் தெரியல போல. ஆனா...” ஊழியர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இன்னிக்குக் காலையில முகம் காட்டிச் சமையலறைக்குள்ள போயிருக்கார். நீங்க கிளம்பினதும் ஒவ்வொரு அறையாத் திறந்து பார்த்திருக்கார். இப்ப வாசக்கதவுகிட்ட நிக்கறார்.”

பூங்கோதை மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“அவர்கிட்ட சொல்லாம வந்துட்டேன்ப்பா. என்னைத்தான் தேடறார்,” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டை நோக்கி ஓடினாள்.