தொண்டைக்குள் எடுத்த படம்

கண்ணாடி முன்னால் நின்று அருணகிரி வாயை அகலத் திறந்தான். ஸ்பூன் காம்பால் நாக்கை அழுத்திக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான்.

ஒன்றுமில்லை. டான்சில் இரண்டும் துடைத்துவிட்டதுபோல இருந்தன. ஒரு வெள்ளைப் புள்ளிகூடக் கிடையாது.

வெளிச்சத்தைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தான்.

நோய் விட்டுப் போனதற்கு எவனாவது வருத்தப்படுவானா? அருணகிரி பட்டான்.

ஹேமலதா கோபித்துக்கொண்டு நெமிலியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஊர் கூடிப் பஞ்சாயத்து பேசுகிற அளவுக்குப் பெரிய சண்டை ஒன்றுமில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அவள் போன மறுமாதமே அவனுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. வருஷத்துக்கு நாலு தடவை வருவதுதான். வந்தால் டார்ச் அடித்துப் பார்ப்பது ஹேமலதாவின் வேலை. இந்த முறை பார்க்க ஆளில்லை. தானே ஒரு படம் எடுத்து, எதுவும் எழுதாமல் அவளுக்கு அனுப்பி வைத்தான்.

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. எத்தனை புள்ளி, எந்தப் பக்கம் வீக்கம் ஜாஸ்தி, உப்புத் தண்ணீரில் எத்தனை தடவை கொப்பளிக்க வேண்டும், எல்லாம் எழுதியிருந்தாள். கோபமாக ஒரு சொல் இல்லை.

பிறகு மார்ச்சில் ஒரு தடவை, மேயில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும் அந்த நாட்களில் மட்டும் அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள்.

நடுவில் இரண்டு முறை, எப்படி இருக்கிறாய் என்று சாதாரணமாகவும் எழுதிப் பார்த்தான். நீல டிக் விழுந்ததோடு சரி.

ஜூலையில் ஷூ கம்பெனியில் கூட வேலை செய்கிறவன் ஒருவன் அவனை வேலூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். அவர் கொடுத்த மருந்து கேட்டுவிட்டது.

"இனிமே இதுக்காக நீ வர வேணாம்பா. சந்தோஷமா போ," என்று போன வாரம் சொல்லிவிட்டார்.

சந்தோஷமாகப் போக வேண்டியவன் பஸ் ஸ்டாண்டில், வீட்டுக்குப் போகிற ஆம்பூர் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் இல்லை, அவனுடையதையும் சேர்த்துத்தான்.

ஸ்பூனைக் கழுவி வைத்தான். போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போய், மார்ச் மாதத்துப் படத்தில் நின்றான். இருப்பதிலேயே மோசமானது அதுதான். இரண்டு பக்கமும் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டதுபோலப் புள்ளிகள். கல்நெஞ்சுக்காரிக்கும் மனம் இளகும்.

செய்வது தப்பு என்று அவனுக்குத் தெரியும். அனுப்பிவிட்டான்.

நீல டிக் உடனே விழுந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. அருணகிரி கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் பதில் வந்தது.

"இது மார்ச் மாசத்து போட்டோ. அந்தக் கீழ் கடவாப்பல்லு இப்ப உங்களுக்கு ஏது? மே மாசத்துலயே இல்லையே."

ஏப்ரலில் அவன் தனியாகப் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற கம்பெனி ஆட்களுக்குக்கூட அது தெரியாது.