அத்தா சாப்பிடும் அரிசி

“இவங்க மாத்திரையே போடுறதில்ல டாக்டர்” என்றாள் நர்ஸ்.

டாக்டர் கேட்டது தௌபீக்கைத்தான். அப்பாவுக்கு என்னென்ன சர்க்கரை மாத்திரை, எத்தனை வேளை என்று. அவன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“அரிசி வீடியோல வருவாங்களே, அந்த பாய்தான் இவங்க. எங்க வீட்லயும் இப்ப அந்த அரிசிதான்.”

கட்டிலில் அப்துல் மஜீது கண்ணை மூடிப் படுத்திருந்தார். வலது காலில் மூன்று விரல்கள் கறுத்துப்போயிருந்தன. கொல்லையில் கல் தடுக்கிய காயம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியே பத்து நாளை ஓட்டிவிட்டார்.

மூன்று விரல்களை எடுப்பதோடு நிறுத்தப் பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரை எத்தனை நாளாக இப்படி ஏறிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது என்றும் சொல்லியிருந்தார்.



மஜீது பாய் திருப்பனந்தாள் கடைத்தெருவில் முப்பத்தெட்டு வருஷமாக அரிசிக்கடை வைத்திருப்பவர். புது அரிசியைப் பழைய அரிசி என்று சொல்லி விற்கத் தெரியாத மனுஷர். ‘இது புதுசும்மா, குழையும், பக்கத்துக் கடையில பாருங்க’ என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்புவார். இப்படி ஒருவர் எப்படித்தான் கடை நடத்துகிறார் என்று ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டு, வீட்டில் கல்யாணம் என்றால் அவரிடம்தான் வந்து நிற்கும்.

ஷார்ஜாவிலிருந்து திரும்பிய தௌபீக், கடையைப் பெரிதாக்க ஆசைப்பட்டான். ஆசைப்பட்டதில் தப்பில்லை. தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போனான். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்த ஒருவர், அரிசியை விற்காதீர்கள், அரிசியின் கதையை விற்றுப் பாருங்கள் என்றார். உங்கள் கடையின் மதிப்பை இரண்டு நிமிஷக் கதையாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் மண்டையைக் குடைந்துகொண்டான். பொய் சொல்லாமல் அரிசி விற்கும் ஒரு மனிதர். இதில் கதை எங்கே இருக்கிறது?

படித்த பிள்ளைதான். இருந்தும் அவன் கண்ணுக்கு அது படவில்லை.

சர்க்கரைக்கு நல்லது என்பார்களே, அந்தக் காட்டுயானம் அரிசிக் கஞ்சியை அத்தா குடிப்பதைப் படம் எடுத்தான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மகன் குடிக்கச் சொன்னான், குடித்தார். குரலை அவன் பிறகு சேர்த்தான். ‘எங்க அத்தாவுக்குப் பதினேழு வருஷமா சுகர். இந்த அரிசிக்கு மாறினாங்க. இன்னைக்கு ஒரு மாத்திரை கிடையாது.’

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, அந்த வீடியோவை வெளியிட்டான். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று ஆர்டர் வந்து குவிந்தது. இந்த ஆறு மாதத்தில் கடைக்கு இரண்டு ஆள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

அத்தா வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதம் பிறந்தால் தௌபீக்தான் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பான். அவரும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

“என்ன தம்பி, மாத்திரைய நிறுத்திட்டாரா?” டாக்டரின் குரலில் சூடு ஏறியிருந்தது.

நர்ஸ் தௌபீக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

“இல்ல சார்” என்றான். “அது வியாபாரத்துக்காக நான் சும்மா சொன்னது. அத்தா ஒரு நாள் விடாம போடுறாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. மானம் போனால் போகட்டும், கால் பிழைத்தால் போதும்.

கட்டிலில் மஜீது கண்ணைத் திறந்தார்.

“எம்மவன் சொன்னதுல பொய் இல்ல டாக்டர். நான் மாத்திரை போடுறதில்ல.”

“எப்பலேர்ந்து?”

“பொங்கல் கழிஞ்சு ரெண்டாவது ஜும்மாவுலேர்ந்து.”

வீடியோ வெளியான அந்த வியாழனுக்கு மறுநாள். தௌபீக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் மேஜையில் இருந்த தாளை இழுத்தார். மூன்று விரல்கள் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் மேலே வேறு ஏதோ எழுதத் தொடங்கினார்.

“தொழுதுட்டு வெளிய வந்தேன்” என்றார் மஜீது. “மாத்திரைய விட்டுட்டீங்களாமே பாய், மகன் சொல்றாரேன்னு நாலு பேரு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

“சொன்னதுக்கப்புறம் எப்படி தம்பி போடுறது?”